ஆறடிக்கு நாலடி

ஆறடிக்கு நாலடித் தகரம்.
பச்சை அடித்து இரண்டு நாள் காயவிட்டு
மஞ்சளைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது
வனவர் தனக்கோடி பட்டியலை நீட்டினார்.
"காட்டுல இருக்கறதெல்லாம் இதுல வந்துடணும்.
இடத்தப் பார்த்து எழுதுங்க."

கேப்பர் மலையை மலை என்று சொல்ல
கடலூர்க்காரனாகப் பிறந்திருக்க வேண்டும்.
செம்மண் மேடு அது.
மழை அறுத்த ஓடையில் இறங்கி நின்றால்
முந்திரி வேர் தலைக்கு மேல் தொங்கும்.
ஜெயில் சுவருக்கு அந்தப் பக்கம்
கோடாலிக்கு எப்படியோ தப்பிய எழுபது ஏக்கர்.
புதர் என்றுதான் நானும் சொல்வேன்,
பட்டியல் கைக்கு வரும்வரை.

நரி. கீரி. முயல்.
சின்னப் பெயர்கள், தூரிகை ஓடியது.
எறும்புதின்னியில் நின்றது.
கூலி சதுர அடிக்கு.
"அலங்குன்னு போட்டுக்கவா?"
"ரெண்டும் வேணாம்" என்றாள் அஞ்சலாட்சி,
ராக்காவல் முடித்த டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கியபடி.
"போர்டைப் படிச்சிட்டுத்தான் தோண்ட வருவானுங்க.
செதிலு என்ன வெலன்னு அவனுங்களுக்குத் தெரியும்."
காயாத 'எறு'வை
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
அந்த இடத்தில் பச்சை கொஞ்சம் மங்கல்.
இருக்கட்டும்.

உலக்கைப்பாலை, வீரை, சூரை, காசான்.
காசானுக்குப் பக்கத்தில் ஒரு பூ வேண்டுமாம்.
பார்க்காமல் வரைந்தால்
என் கைக்கு எல்லாப் பூவும் செம்பருத்தி.
கூட்டிப் போனாள்.
தானே புயல் முந்திரியைச் சாய்த்த இடமெல்லாம்
சூரை ஏறியிருந்தது.
சட்டையைப் பிடித்து மூன்று முறை நிறுத்தியது.
உள்ளே கவுதாரி ஒன்று எங்களைத் திட்டியது.
காசான் கிளையில் பூ தனித்தனியாக இல்லை;
கணுவுக்குக் கணு நீலம் அப்பிக் கிடந்தது,
யாரோ டப்பாவைத் தவறவிட்ட மாதிரி.
என்னிடம் இருபத்தோரு டப்பா இருக்கிறது.
அந்த நீலம் இல்லை.

பதினான்காவது பெயர்: பக்கி.
"சார், இது திட்டற வார்த்தையில்ல?"
"குருவிங்க. ராத்திரி ரோட்டுல குந்தியிருக்குமே."
வீட்டில் என்னை அழைக்கும் பெயரை
மஞ்சளில், நிழல் கொடுத்து,
அழகாகவே எழுதினேன்.

பங்குனிக் கடைசியில் கம்பம் நடப் போனோம்.
வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தது.
ஓங்கிய கடப்பாரையை
ஒரு சருகு கண் திறந்து பார்த்தது.
பிறகு எழுந்து,
நான்கடி தள்ளி விழுந்து,
இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து நடித்தது.
அது கிடந்த இடத்தில் இரண்டு முட்டை.
கூடு இல்லை, ஒரு துரும்பு இல்லை, வெறும் மண்.
செங்கல் கழுவிய தண்ணீர் நிறம்,
மேலே தூரிகையை உதறியதுபோல் பழுப்புப் பொட்டு.

"பத்தடி தள்ளிக் குழி எடுங்க" என்றார் தனக்கோடி.
"போர்டு அங்க இருந்தா
படிக்கறவன் காலு எங்க சார் இருக்கும்?"
கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றோம்.
திறப்பு விழாவைத் தள்ளிவைக்க
மேலே எழுதிக் கேட்க வேண்டும்.
என்ன காரணம் எழுதினாரோ, தெரியாது.
இருபது நாள் கிடைத்தது.

ஆறுமணிக்குருவியும் பட்டியலில் உண்டு.
ஜெயில் மணிக்கு அரை நிமிடம் முன்னால்
ஓடைக்குள்ளிருந்து இரண்டு விசில்.
அஞ்சலாட்சி கைக்கடிகாரத்தை
அதை வைத்துத்தான் திருத்துவாளாம், மணியை நம்பமாட்டாள்.
நாங்கள் போர்டு நடுவதற்குள்
அது வடக்கே போய்விடும்.
வந்து படிப்பவர்கள்
ஐப்பசி வரை என்னைப் பொய்யன் என்பார்கள்.

இப்போது தகரம் என் பட்டறையில்
சுவர் பார்த்துச் சாய்ந்திருக்கிறது.
முதுகுப் பக்கம் ஒரு பல்லி குடிவந்துவிட்டது,
பட்டியலில் பெயர் இல்லாமலே.

நேற்று ராத்திரி மேட்டிலிருந்து இறங்கும்போது
செம்மண் பாதையில், வண்டி வெளிச்சத்தில்,
இரண்டு கங்கு.
பிரேக் பிடித்தேன். அசையவில்லை.
விளக்கை அணைத்தேன், எஞ்சினையும்.
"நகரு, பக்கி" என்றேன்,
எனக்கே கேட்காத குரலில்.
இருட்டில் அது போனதா இருக்கிறதா தெரியாமல்
வண்டியைத் தள்ளிக்கொண்டு
ஓரமாகவே நடந்தேன்.